நாலு துண்டு ரப்பருக்கு அமெரிக்கா வரைக்குமா?

புல்வெட்டும் மிஷின் வைத்திருக்கிற பலருக்கும் என்ஜினுக்கு அடியில் ரப்பர் இருக்கிறது என்பதே அந்த ரப்பர் பிய்ந்த பிறகுதான் தெரியவரும். என் மச்சான் கதையும் அதுதான்.

மச்சான் பூச்சோங் வட்டாரத்தில் புல் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறவர். அபார்ட்மெண்ட் ஓரம், தொழிற்சாலை வேலியோரம், யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத காலி நிலம் என்று எல்லா இடத்திலும் வேலை உண்டு. பெரும்பாலும் முதுகில் மாட்டும் மிஷின்தான். திடல் மாதிரி அகலமான இடத்துக்கு மட்டும் ஒரு கிழட்டு ரைட்-ஆன் டிராக்டர் வைத்திருக்கிறார். கோல்ஃப் கிளப் ஒன்று கழித்துக்கட்டிய சாமான். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், சட்டத்தின் மேல் நாலு ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து பெல்ட் வழியாகக் கீழே பிளேடு சுற்றும்.

அது கொஞ்ச நாளாகவே சரியில்லை. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் 'டொக்' என்று ஒரு இடி. ஐட்லிங்கில் பானட் கிடுகிடுவென்று ஆடும். பெல்ட் அடிக்கடி கழன்று விழும். சைலன்சர் குழாயில் வெல்டிங் போட்ட இடத்திலேயே மறுபடி விரிசல். ஓட்டுகிற பையன் "அண்ணே, இதுல உக்காந்து இறங்கினா பல்லு ஆடுது" என்று சொல்லிவிட்டு முதுகு மிஷினுக்கே போய்விட்டான். இத்தனை நோய்க்கும் ஒரே காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெல்ட் புதிது வாங்கினார்கள், குழாயை மறுபடி ஒட்டினார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தது. ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, என்ஜின் அடிப்பக்கத்தில் ஒரு கம்பியைக் கொடுத்து லேசாக நெம்பினேன். நாலில் இரண்டு மவுண்டிங்கில் ரப்பர் தனியாக, இரும்புத் தட்டு தனியாக வந்துவிட்டது. மூன்றாவது எண்ணெயில் ஊறி, பிசைந்த மாவு போலக் குழைந்திருந்தது. நாலாவது மட்டும் பாவம், வீட்டு மூத்த பிள்ளை கணக்காக மொத்த பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் ஏற்கெனவே ஃபோனில் விலை பார்த்து வைத்திருந்தார். ஒரிஜினல் மவுண்டிங் அமெரிக்காவில் கிடைக்கும். ஆனால் நாலு துண்டு ரப்பரின் விலையைவிடக் கூரியர் செலவு அதிகம். அவர் கண்டுபிடித்த மாற்று வழி இது: "மச்சான், பேசாம ரப்பர தூக்கிட்டு இரும்ப வச்சு வெல்டிங் அடிச்சிருவோமா? ஆட்டமே இருக்காதுல்ல?"

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்கான பதில்தான். ஏனென்றால் இதே யோசனையை நான் பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். போமன்களே சொல்வார்கள்: "மவுண்டிங் போச்சா? இன்னும் கெட்டியா போட்டுரு."

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புல்வெட்டி டிராக்டரிலும் ரப்பர் மவுண்டிங் கிடையாது. இன்றைக்கு விற்கும் மலிவான ரைட்-ஆன்களில் பெரும்பாலும் என்ஜின் நேராகச் சட்டத்தில் போல்ட் அடித்துத்தான் நிற்கும். சட்டத்தையும் அதற்கேற்ப வடிவமைத்திருப்பார்கள். ரப்பரில் உட்காரவைத்த மாடல்கள் வேறு ஜாதி. 1974-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன்னுடைய கப் கேடட் டிராக்டர்களில் 'குவையட் லைன்' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்து, கோலர் ஒற்றை சிலிண்டர் என்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டது. அமெரிக்காவில் அந்த வண்டிகளைப் பழுதுபார்க்கிறவர்கள் இன்று வரைக்கும் புலம்புவது அந்த ரப்பரைப் பற்றித்தான். கார்களில் இது இன்னும் பழசு: 1931-இல் பிளிமத் கார் 'ஃப்ளோட்டிங் பவர்' என்று விளம்பரம் செய்து விற்றது, நாலு சிலிண்டர் என்ஜினை ரப்பரில் தொங்கவிட்டதைத்தான். பிரான்சில் சிட்ரோயன் அதே நுட்பத்தின் உரிமையை வாங்கிப் பயன்படுத்தியது. ஆக, ரப்பர் வைத்து வடிவமைத்த வண்டியில் ரப்பரை எடுத்துவிட்டு இரும்பை வைத்தால், அந்தச் சட்டம் அதற்குத் தயாராக இருக்காது. போல்ட் ஓட்டை விரியும், வெல்டிங் பிளக்கும், பெட்ரோல் டேங்க் ஓரம் கசியும்.

கெட்டி ரப்பரும் ஏன் ஆகாது? அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்படாதீர்கள், ஐந்தாம் படிவ பௌதிகம்தான்.

என்ஜின் ரப்பரின் மேல் உட்காரும்போது, அந்த எடையில் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்த என்ஜின் தானாக மேலும் கீழும் ஆட விரும்பும் வேகம் கிடைக்கும், ஒரு விநாடிக்கு இத்தனை தடவை என்று. 2 மில்லிமீட்டர் அமுங்கினால் விநாடிக்குச் சுமார் 11, அதாவது நிமிடத்துக்கு 670. அரை மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் விநாடிக்கு 22, நிமிடத்துக்கு 1,340.

இப்போது என்ஜினின் சுற்று வேகத்தைப் பக்கத்தில் வையுங்கள். சுற்று வேகம் இந்த ஆட்ட வேகத்தைப்போல 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்க ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருந்தால் குறைக்காது, கூட்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். கெட்டி ரப்பர் போட்ட வண்டி 1,300 ஐட்லிங்கில் பேய் பிடித்த மாதிரி ஆடுவது இதனால்தான். புல் வெட்டும் வேகமான 3,000-இல் பார்த்தால், 2 மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பர் அதிர்வில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் சட்டத்துக்குக் கடத்தும். அரை மில்லிமீட்டர் ரப்பர் நாலில் ஒரு பங்கைக் கடத்திவிடும். நிஜத்தில் ஓடும்போது ரப்பர் இன்னும் கொஞ்சம் விறைக்கும், அதனால் எண்கள் சற்று மாறும். கதை மாறாது.

ஒற்றை சிலிண்டர்காரர்களுக்கு இன்னொன்று. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். 1,300 ஐட்லிங் என்றால் நிமிடத்துக்கு 650 வெடி. மேலே சொன்ன நல்ல ரப்பரின் 670-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். அதனால் சரியான மவுண்டிங் போட்டாலும் தாழ்ந்த ஐட்லிங்கில் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். ஐட்லிங்கைச் சற்று ஏற்றி வைத்தால் அடங்கிவிடும். இதற்காக மறுபடி போமனிடம் ஓட வேண்டாம்.

சரி, ரப்பருக்கு எங்கே போவது? பூச்சோங்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்பதே எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. இந்த ஊரே ஒரு காலத்தில் ஒரு பக்கம் ஈயச் சுரங்கம், மறுபக்கம் பால்மரக்காடு. காசல்பீல்டு, கின்ராரா என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயரிலும் தாமான் பெயரிலும்தான் மிச்சம். என் பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். அந்தப் பாலில் என்ன செய்கிறார்கள் என்று தோட்டத்தில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. டயர் செய்கிறார்களாம் என்பார், அவ்வளவுதான்.

என்ஜின் மவுண்டிங்குக்கு இன்றைக்கும் முதல் தேர்வு அந்தப் பால்மரத்து ரப்பர்தான். இயற்கை ரப்பரை இழுத்தால் உள்ளே இருக்கும் சங்கிலிகள் வரிசையாக அடுக்கிப் படிகமாகிவிடும். அதனால் ஒரு விரிசல் விழுந்தாலும் அதன் முனையில் ரப்பர் தானாக இறுகி, விரிசலை மேலே போகவிடாமல் பிடிக்கும். கோடிக்கணக்கான தடவை அமுங்கி நிமிர வேண்டிய இடத்தில் இந்தக் குணத்துக்கு ஈடு சொல்வது செயற்கை ரப்பருக்குக் கடினம். மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக்காரர்கள் இங்கிலாந்தில் வைத்திருக்கும் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல்தான் 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடமே எழும்பியது, நிலநடுக்கத்தில் தப்பிக்க. 2014 மார்ச்சில் திறந்த பினாங்கு இரண்டாம் பாலத்துக்கு அடியிலும் அந்த வகைத் தாங்கிகள்தான். புல்வெட்டியின் மவுண்டிங் அந்தப் பாலத்துத் தாங்கிக்குத் தூரத்துச் சொந்தம்.

இத்தனை பலம் உள்ள ரப்பருக்கு ஒரு பெரிய எமன் உண்டு. எண்ணெய். பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் எது பட்டாலும் இயற்கை ரப்பர் அதைக் குடித்து ஊதும், குழையும், இரும்பிலிருந்து விடும். மச்சானின் மூன்றாவது மவுண்டிங்குக்கு மேலேயே ஆயில் வடிக்கும் போல்ட் இருந்தது. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அதன் தலையில் அபிஷேகம். போதாததற்கு அவருடைய பையன்கள் வாரக்கடைசியில் மிஷினை டீசல் ஊற்றித் துடைப்பார்கள், பளபளவென்று இருக்குமாம். சோப்புத் தண்ணீர் போதும் என்று சொல்லிவைத்தேன். புது மவுண்டிங் போடுமுன் ஒழுகலை அடைக்க வேண்டும். அது முடியாத இடத்தில் மைலோ டின்னை வெட்டி மவுண்டிங்குக்கு மேல் ஒரு சின்னக் கூரை மாட்டிவிடலாம். அந்தக் கூரைக்குச் செலவே இல்லை. இந்தப் பதிவில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைச் செய்வதாக இருந்தால் அதைச் செய்யுங்கள்.

இனி, கடை. நம் ஊரில் வாரம் முழுக்க ஏதாவது ஒரு தாமானில் பாசார் மாலாம் உண்டு. அங்கே கடை போடுகிறவர்களில் பலர் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பார்கள். அதுவும் ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்கிற என்ஜின். ரப்பர் காலில்தான் நிற்கிறது. அந்த ரப்பரும் தேயும், பிய்யும். அதனால் ஜெனரேட்டர், கம்ப்ரஸர், தண்ணீர் பம்பு சாமான் விற்கும் கடைகளில் உருளை வடிவ மவுண்டிங் டப்பா டப்பாவாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் போல்ட், ஒரு பக்கம் போல்ட் ஒரு பக்கம் நட், விட்டமும் உயரமும் விதவிதம். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பழைய கடையில் விசாரித்தேன். கடைக்காரப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "என்ஜின் எத்தனை கிலோ, பாஸ்?" என்றார். எடையைக் கேட்கிற கடைக்காரரை நம்பலாம். எடையைக் கேட்காமல் 'வண்டி என்ன மாடல்' என்று மட்டும் கேட்டால் அவரிடம் இருப்பது கேட்லாக் மட்டுமே.

என்ஜினை இறக்கிக் குளியலறைத் தராசில் வைத்தே எடை பார்த்திருந்தோம். உதாரணத்துக்கு 60 கிலோ, நாலு மவுண்டிங் என்றால் தலைக்கு 15 கிலோ என்று தோன்றும். ஆனால் ஃப்ளைவீல் பக்கமும் கிளட்ச் பக்கமும் ஒரே எடை இருக்காது. ஒரு பக்கத்தை மட்டும் தராசில் தாங்கவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு கடையிலேயே ஒரு மவுண்டிங்கின் மேல் அதே அளவு கனத்தை வைத்து எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துவிடலாம். ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் மேல் அதன் கெட்டித்தன்மையைக் காட்டும் ஷோர் எண் போட்டிருந்தால் 45-க்கும் 60-க்கும் இடையில் பாருங்கள். எண் இல்லையென்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பென்சில் அழிப்பானைவிடக் கொஞ்சம் கெட்டி, கார் டயரைவிடக் கொஞ்சம் மிருது. அந்தப் பெரியவர் நான் எடுத்ததைக் கையில் வாங்கிப் பிசைந்துவிட்டு "போலே தாஹான்" (தாங்கும்) என்றார். நாலுக்கும் சேர்த்து ஆன வெள்ளி, இரண்டு பேர் நாசி கண்டார் கடையில் மீன் தலையோடு உட்கார்ந்தால் ஆகும் காசுக்குள் அடக்கம்.

எண்ணெய் ஒழுகலை நிறுத்தவே முடியாத கிழட்டு என்ஜின் என்றால் நைட்ரைல் ரப்பரில் செய்த மவுண்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். அது எண்ணெய்க்கு அசராது, ஆனால் அதிர்வில் உழைக்கும் ஆயுள் இயற்கை ரப்பர் அளவுக்கு இருக்காது. கடைக்காரர் நைட்ரைல் என்று சொன்னதில் சந்தேகம் இருந்தால், ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி என்ஜின் ஆயிலில் சில நாள் ஊறப்போடுங்கள். உப்பிவிட்டால் நைட்ரைல் இல்லை.

மற்ற மலிவு வழிகளையும் சொல்லாவிட்டால் பின்னால் யாராவது கேட்பீர்கள். கிள்ளான், காப்பார் பக்கத்து ஹாஃப்-கட் கடைகளில் கான்சில், சாகா மவுண்டிங் கிடைக்கும். ஆனால் அவை கார் என்ஜின் எடைக்குச் செய்தவை, நம் 60 கிலோவுக்கு அமுங்கவே அமுங்காது. மேலே போட்ட கணக்குப்படி அது இரும்பு வைத்ததற்குச் சமம். பழைய டயரை வெட்டி வைப்பதும் அப்படித்தான், உள்ளே நூலும் கம்பியும் பின்னியிருக்கும். பிய்ந்த மவுண்டிங்கை சூப்பர் குளூவால் ஒட்டுவது வீண் வேலை: தொழிற்சாலையில் ரப்பரை இரும்போடு பிடிக்கவைப்பது அச்சுக்குள், சூட்டில், அழுத்தத்தில், அதற்கென்ற ரசாயனப் பூச்சோடு. கார் கண்ணாடி ஒட்டும் பாலியூரிதேன் (பியூ) பசையை உள்ளே நிரப்புவது கார் மவுண்டிங்கில் நடக்கிற வித்தைதான். ஆனால் உள்ளே இடைவெளி விட்டுச் செய்த மவுண்டிங்குக்குத்தான் அது பொருந்தும். அது காற்றின் ஈரத்தில் வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்லத்தான் காயும், கனமாக நிரப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் உருளை மவுண்டிங்கில் நிரப்ப இடமே இல்லை.

ஒரு வகை வண்டிக்கு மட்டும் என் மலிவு யோசனை எதுவும் வேண்டாம். கப் கேடட் குவையட் லைன் மாதிரி, என்ஜினிலிருந்து நேராக ஷாஃப்ட் வழியாகப் பின்னால் கியருக்குச் சக்தி போகிற வண்டிகளில் மவுண்டிங்கின் உயரம் கொஞ்சம் பிசகினாலும் ஷாஃப்ட் கோணலாகும், கப்ளிங்கைத் தின்றுவிடும். அங்கே உயரம் அச்சாகப் பொருந்தும் சாமான்தான் வேண்டும், கூரியர் காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெல்ட் வண்டிக்காரர்களுக்கு அந்தக் கெடுபிடி குறைவு.

மாட்டும்போது சில விஷயம். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றும் பழையது உயரத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும், புதியவற்றோடு சேர்த்தால் என்ஜின் சாயும், பெல்ட் மறுபடி கழலும். ஜெக்கை என்ஜினின் ஆயில் தட்டில் நேராக முட்டுக் கொடுக்காதீர்கள், நடுவில் ஒரு பலகையை வையுங்கள். அமெரிக்க வண்டி என்றால் ஓட்டைகள் அங்குலக் கணக்கில் இருக்கும்: 5/16 அங்குல ஓட்டையில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஏறக்குறைய நுழைந்துவிடும், 3/8-இல் 10 மில்லிமீட்டர் நுழையாது, துளையை விரிக்க வேண்டும். எல்லா நட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, என்ஜினைக் கையால் நாலாபக்கமும் அசைத்து உட்காரவிட்டு, பிறகு இறுக்குங்கள். முறுக்கிக்கொண்டு இறுகிய ரப்பர் சீக்கிரம் கிழியும். உருளை மவுண்டிங்கை மேல்நோக்கி இழுபடுகிற மாதிரி எங்கேயும் மாட்டாதீர்கள். அமுங்குவதும் பக்கவாட்டில் அசைவதும் அதற்குப் பழக்கம், இழுத்தால் ஒட்டு விடும். பெல்ட் இழுக்கிற பக்கத்தில் சட்டத்தில் ஒரு சின்ன இரும்புத் தடுப்பு வைத்துவிட்டால், என்றாவது ரப்பர் பிய்ந்தாலும் என்ஜின் நகர்ந்துபோய் பிளேடு பக்கம் விழாது. நாங்கள் ஒரு துண்டு ஆங்கிள் இரும்பை வைத்தோம்.

பிறகு எர்த் வயர். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் மவுண்டிங் மாற்றுகிறவர்கள் மறப்பது இதைத்தான். என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு தடித்த வயர் இருக்க வேண்டும். மச்சான் வண்டியில் அது எப்போதோ அறுந்துபோயிருந்தது. பிய்ந்த மவுண்டிங்கில் இரும்போடு இரும்பு உரசியதால் இதுநாள் வரை ஸ்டார்ட்டர் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. புது ரப்பர் போட்டதும் வண்டி 'க்ளிக்' என்று மட்டும் சொன்னது. "பார்த்தியா மச்சான், நல்லா இருந்தத கெடுத்துட்ட" என்று அவர் ஆரம்பிக்கும்முன் பழைய கார் பேட்டரி வயர் ஒன்றை வெட்டி மாட்டினேன். இந்த வயர் இல்லாமல் விடாப்பிடியாக ஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தால், மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடும். கேபிள் சூடாகிப் புகையும்.

ஓட்டிப் பார்த்ததில் இடி நின்றுவிட்டது, பானட் அடங்கிவிட்டது, பெல்ட் அதன் இடத்தில் இருக்கிறது. ஒரு வாரம் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், புது ரப்பர் கொஞ்சம் படிந்து இறங்கும்.

இவ்வளவு செய்தும் பிளேடைச் சுற்றவிட்டால் மட்டும் அதிர்வு வருகிறது என்றால் மவுண்டிங்கைக் குறை சொல்லாதீர்கள். பிளேடு கல்லில் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தீட்டியிருப்பார்கள். கழற்றி, நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் படுக்கைவாட்டில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவி, மறுபடி மாட்டிப் பாருங்கள். மவுண்டிங் மாற்றுகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுவது நல்லது. மிஷின் எப்படியும் ஜெக்கின் மேல்தானே நிற்கிறது.